லேப்டாப் ஃபேன் கோளாறு: அறிகுறி வாரியாகக் கண்டுபிடிப்பதும் பொருந்தும் ஃபேனை வாங்குவதும்

எச்பி 15 என்ற பெயரில் வந்த லேப்டாப்கள் ஏராளம். அவற்றில் 15-பிஎஸ் வரிசைக்கு ஒரு ஃபேன், அதற்கடுத்து வந்த 15-டிஏ வரிசைக்கு வேறொரு ஃபேன். மூடியில் இருக்கும் பெயரை மட்டும் சொல்லி வாங்கிவந்த ஃபேன் உள்ளே உட்காராமல் போவது இதனால்தான். எது பொருந்தும் என்று உறுதியாகச் சொல்லக்கூடியது பழைய ஃபேனில் ஒட்டியிருக்கும் லேபிள். எனவே முதலில் திறந்து பாருங்கள், பிறகு வாங்குங்கள். இந்த வரிசையை மாற்றினால் பணமும் போகும், சில நேரம் மதர்போர்டும் போகும்.

திறப்பதற்கும் முன்னால் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: பழுது ஃபேனில்தானா? லேப்டாப் சுட்டாலே ஃபேனைக் குறை சொல்லும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. பல நேரம் ஃபேன் நன்றாகவே இருக்கும். கீழே உங்கள் லேப்டாப் காட்டும் அறிகுறி எதுவோ அதிலிருந்து தொடங்குங்கள்.

ஆன் செய்ததும் ஃபேன் பிழை என்று செய்தி வருகிறது

லெனோவோ திங்க்பேடில் 'ஃபேன் எரர்' என்று ஒற்றை வரி வந்து அணைந்துவிடும். எச்பியில் 'சிஸ்டம் ஃபேன் (90பி)' என்று வரும். டெல்லின் சோதனையில் 2000-0511 என்ற எண் காட்டும். மூன்றும் சொல்வது ஒன்றே: சுழலச் சொல்லிக் கட்டளை போனது, சுழன்றதற்கான பதில் வரவில்லை.

ஃபேனுக்குள் ஒரு சின்ன உணரி இருக்கிறது. பெரும்பாலான ஃபேன்களில் அது ஒரு சுற்றுக்கு இரண்டு துடிப்புகளை ஒரு தனி ஒயர் வழியாக மதர்போர்டுக்கு அனுப்பும். அந்தத் துடிப்பு வராவிட்டால், ஃபேன் கண்முன்னால் சுற்றிக்கொண்டிருந்தாலும் பிழைச் செய்தி வரும். ஆகவே செய்தி வந்த நேரத்தில் காதை வைத்துக் கேளுங்கள், காற்று வரும் பக்கத்தில் கையை வைத்துப் பாருங்கள்.

ஃபேன் சுற்றவே இல்லை என்றால், மூடியைத் திறந்து பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு இறக்கையை விரலால் மெல்லத் தள்ளுங்கள். நல்ல ஃபேன் தள்ளியதும் சற்று நேரம் வழுக்கிக்கொண்டு சுற்றி நிற்கும். அழுக்கோ முடியோ சிக்கியிருந்தால் உடனே நிற்கும். சுத்தம் செய்தபின் சுற்றினால் ஃபேன் வாங்க வேண்டாம். சுத்தமாக இருந்தும் இறுகி நிற்கிறது என்றால் பேரிங் போய்விட்டது, மாற்ற வேண்டியதுதான்.

தாராளமாகச் சுற்றுகிறது, ஆனால் மின்சாரம் கொடுத்தால் அசையவில்லை என்றால் கனெக்டர் முழுதாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து ஃபேனை வெளியே எடுத்துச் சோதிக்கலாம். லேபிளில் 5 வோல்ட் என்று இருந்தால் மட்டும், பழைய யுஎஸ்பி கேபிள் ஒன்றை வெட்டி, அதன் சிவப்பு ஒயரை ஃபேனின் பிளஸ்ஸுக்கும் கறுப்பை மைனஸுக்கும் கொடுங்கள். நான்கு ஒயர் ஃபேனாக இருந்தாலும் இந்த இரண்டு போதும். கட்டுப்பாட்டு ஒயரில் எதுவும் வராதபோது அது முழு வேகத்தில் சுற்றும்படிதான் செய்யப்பட்டிருக்கிறது. வெளியே சுற்றுகிறது, உள்ளே சுற்றவில்லை என்றால் பழுது மதர்போர்டு பக்கம். அந்நிலையில் புது ஃபேன் வாங்கி எந்தப் பயனும் இல்லை.

கரகரவென்ற சத்தம், அல்லது டிக் டிக்

இரண்டும் வேறு வேறு. காலையில் ஆன் செய்ததும் கரகரத்து, சூடானதும் சற்று அடங்குகிறது, லேப்டாப்பைச் சாய்த்தால் சத்தம் மாறுகிறது என்றால் பேரிங் தேய்ந்திருக்கிறது. இறக்கையின் நடுவைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். மேலும் கீழும் இம்மி அசைவது இயல்பு, காந்தம்தான் அதைப் பிடித்து வைத்திருக்கிறது. பக்கவாட்டில் ஆடக் கூடாது.

தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் சத்தம் நிற்கும் என்பது உண்மை. நிற்பது தற்காலிகமாக. தேய்ந்த பேரிங் எண்ணெயால் வளர்ந்துவிடாது. புது ஃபேன் வந்து சேரும்வரை தாக்குப்பிடிக்க அந்த வழியைப் பயன்படுத்தலாம், அதையே தீர்வாக வைத்துக்கொள்ள வேண்டாம்.

ஒரே தாளத்தில் டிக் டிக் என்று கேட்டால் எதுவோ இறக்கையில் தட்டுகிறது. ஃபேனின் சொந்த ஒயர், பசை விட்டுத் தொங்கும் டேப், உடைந்த இறக்கை நுனி ஆகிய மூன்றையும் பாருங்கள். கீழே விழுந்த லேப்டாப்பில் பாட்டம் கவர் உள்ளே அமுங்கி இறக்கையைத் தொடுவதும் உண்டு. கவரைக் கழற்றியதும் சத்தம் நின்றுவிட்டால் காரணம் அதுவே.

ஃபேன் அலறுகிறது, ஆனாலும் சூடு குறையவில்லை

அதிகம் பேர் தேவையில்லாமல் ஃபேன் வாங்குவது இந்த அறிகுறிக்குத்தான். எச்டபிள்யூஇன்ஃபோ போன்ற மென்பொருளில் ஃபேனின் சுற்று எண்ணிக்கையையும் பிராசசரின் வெப்பத்தையும் பாருங்கள். லினக்ஸில் சென்சார்ஸ் கட்டளை போதும். ஃபேன் நிமிடத்துக்கு 4,000 அல்லது 5,000 சுற்று என்று ஓடிக்கொண்டிருந்தால் அது தன் வேலையைச் செய்கிறது. பிறகு காற்று வெளியேறும் இடத்தில் கையை வையுங்கள்.

காற்று குறைவாக, ஆனால் மிகச் சூடாக வருகிறதா? ஹீட்சிங்கின் (பிராசசரின் சூட்டை வாங்கி வெளியேற்றும் உலோகப் பாகம்) செம்புத் தகடுகளுக்கும் ஃபேனுக்கும் நடுவே தூசி அடைத்திருக்கிறது. அது வெளியிலிருந்து தெரியாது. சீப்பில் சேரும் முடிபோல, தகடுகளின் உட்பக்கத்தில் மெத்தையாகப் படிந்திருக்கும். ஃபேனின் மேல்மூடியைக் கழற்றினால் ஒரே துண்டாக உரிந்து வரும். வெளியிலிருந்து காற்றடித்தால் அந்த மெத்தை ஃபேனுக்குள் போய் விழும். காற்றடிக்கும்போது இறக்கையை ஒரு குச்சியால் பிடித்துக்கொள்ளுங்கள், அதன் அளவுக்கு மீறிச் சுழலவிட்டால் பேரிங் கெடும்.

காற்று நன்றாக வருகிறது, ஆனால் வெதுவெதுப்பாக மட்டும் இருக்கிறது, பிராசசரோ 95 டிகிரியில் நிற்கிறது என்றால் சூடு ஹீட்சிங்குக்கு வந்து சேரவே இல்லை. பிராசசருக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே சூட்டைக் கடத்தும் பசையான தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கலாம், ஹீட்சிங்க் ஸ்க்ரூ ஒன்று தளர்ந்திருக்கலாம், தகடுகளுக்குச் சூட்டைக் கொண்டுசெல்லும் குழாயான ஹீட்பைப் பழுதாகியிருக்கலாம். இந்த மூன்றுக்கும் புது ஃபேன் மருந்தல்ல.

சித்திரை வைகாசியில் அறையே 38 டிகிரி இருக்கும்போது, மற்ற மாதங்களில் 80 காட்டிய லேப்டாப் 90 காட்டும். உள்ளே போகும் காற்றே சூடாக இருக்கிறது, ஃபேன் என்ன செய்யும்? மெத்தைமேல் வைத்து வேலை செய்கிறவர்கள் கீழேயுள்ள காற்றுத் துளைகளைத் தாங்களே மூடிவிடுகிறார்கள், அதையும் பாருங்கள்.

ஃபேன் ஓடுவதே இல்லை, அல்லது நிற்பதே இல்லை

இணையம் பார்க்கும்போது ஃபேன் நின்றிருப்பது இன்றைய பல லேப்டாப்களில் இயல்பு. ஒரு கனமான வேலையைக் கொடுத்துச் சில நிமிடம் காத்திருங்கள், ஓடத் தொடங்கினால் பழுதில்லை. எச்பியில் தொடக்கத்திலேயே எஃப்2 அழுத்தியும், டெல்லில் எஃப்12 மெனு வழியாகவும் சோதனை நிரலைத் திறந்தால் ஃபேனைத் தனியாக ஓட்டிப் பார்க்கலாம். 2020இல் வந்த எம்1 மேக்புக் ஏர் வைத்திருந்தால் தேடவே வேண்டாம், அதில் ஃபேன் கிடையாது.

சார்ஜரைச் செருகினால் ஃபேன் நிற்பதே இல்லை என்று எச்பி வைத்திருப்பவர்கள் சொல்வார்கள். பயாஸில் (ஆன் செய்யும்போதே திறக்கக்கூடிய அடிப்படை அமைப்புத் திரை) 'ஃபேன் ஆல்வேஸ் ஆன்' என்ற அமைப்பு இருக்கிறதா என்று பார்த்து அணைத்துவிடுங்கள்.

மாற்றத்தான் வேண்டும்: லேபிளைப் படிப்பது

லேப்டாப்பை அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, கவரைத் திறந்தவுடன் பேட்டரியைக் கழற்றுங்கள். திங்க்பேடில் திறப்பதற்கு முன்பே பயாஸில் உள் பேட்டரியை முடக்கும் வசதி உண்டு. கனெக்டரை ஒயரைப் பிடித்து இழுக்காதீர்கள். பிளாஸ்டிக் நெம்பியால் இரு ஓரத்திலும் மாறி மாறித் தள்ளுங்கள். போர்டில் இருக்கும் வெள்ளைப் பகுதியே பெயர்ந்து வந்துவிட்டால் அப்புறம் சால்டரிங் வேலைதான்.

லேபிள் பெரும்பாலும் ஃபேனின் அடிப்பக்கம் இருக்கும். அதில் இரண்டு வகை எண்கள் இருக்கலாம், இரண்டையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று ஃபேனைச் செய்த நிறுவனத்தின் எண். டெல்டா, சுனான், ஏவிசி, ஃபோர்ஸ்கான் ஆகியவை லேப்டாப்களில் அடிக்கடி பார்க்கும் பெயர்கள். மற்றது லேப்டாப் நிறுவனத்தின் உதிரிபாக எண். எச்பியில் அது 925012-001 போல மூன்று இலக்க வாலோடு இருக்கும், 15-பிஎஸ், 250 ஜி6 மாடல்களின் ஃபேன் எண் இது. டெல்லில் எழுத்தும் இலக்கமும் கலந்த ஐந்து இட எண், லெனோவோவில் எஃப்ஆர்யூ என்று குறிக்கப்படும் உதிரிபாக எண். லேபிள் அழிந்திருந்தால் எச்பியின் பார்ட்சர்ஃபர் தளத்திலோ, லெனோவோவின் உதிரிபாகப் பக்கத்திலோ உங்கள் சீரியல் எண்ணைக் கொடுத்துத் தேடுங்கள். டெல்லுக்கு சர்வீஸ் டேக், அதாவது அதன் சீரியல் எண். மாடல் பெயரைக் கொடுப்பதைவிட சீரியல் எண்ணைக் கொடுப்பது எப்போதும் மேல். உங்கள் கையில் இருக்கும் அந்த ஒரு லேப்டாப்பில் எந்த கிராஃபிக்ஸ், எந்த ஹீட்சிங்க் போட்டு அனுப்பினார்கள் என்று அதற்குத்தான் தெரியும்.

கிராஃபிக்ஸ் விஷயம் முக்கியம். திங்க்பேட் டி480 இன்டெல் கிராஃபிக்ஸ் மட்டும் கொண்டும் வந்தது, என்விடியா எம்எக்ஸ்150 சேர்த்தும் வந்தது. இரண்டின் ஹீட்சிங்கும் ஒன்றல்ல. டி430, எக்ஸ்230 போன்ற பழைய திங்க்பேடுகளில் ஃபேனும் ஹீட்சிங்கும் ஒரே பாகமாகவே உதிரியில் கிடைக்கும். அப்படிப்பட்டவற்றில் மாற்றும்போது ஹீட்சிங்கைத் தூக்கியே ஆக வேண்டும். பழைய பேஸ்ட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்துப் புதிது தடவுங்கள். ஹீட்சிங்கில் ஸ்க்ரூக்களுக்குப் பக்கத்தில் 1, 2, 3 என்று எண் இருந்தால் முடுக்கும்போது அந்த வரிசையைப் பின்பற்றுங்கள். ஃபேன் தனியாகக் கழன்று வரும் மாடல்களில் பேஸ்ட் பக்கமே போக வேண்டாம்.

எண் அப்படியே பொருந்தும் ஃபேன் கிடைத்தால் மேலே யோசிக்க ஒன்றுமில்லை. சென்னையின் கம்ப்யூட்டர் சந்தையான ரிச்சி தெருவில் கேட்டாலும் இணையத்தில் தேடினாலும் சில நேரம் கிடைப்பது 'இதுவும் சேரும்' என்று சொல்லப்படும் வேறு எண்ணுள்ள ஃபேன். அது தவறென்று சொல்ல மாட்டேன். ஒரே லேப்டாப்புக்கு இரண்டு மூன்று நிறுவனங்களிடம் ஃபேன் வாங்கிப் போடுவது வழக்கம், அவை ஒன்றுக்கொன்று மாற்றாகவே வரும். ஆனால் அப்போது சரிபார்ப்பது உங்கள் பொறுப்பு.

முதலில் வோல்ட். சாதாரண லேப்டாப்களில் பெரும்பாலும் 5 வோல்ட். கேமிங் லேப்டாப்கள் சிலவற்றில் 12 வோல்ட். 12 வோல்ட் வரும் போர்டில் 5 வோல்ட் ஃபேனைச் செருகினால் எரியும். 5 வோல்ட் வரும் போர்டில் 12 வோல்ட் ஃபேனைச் செருகினால் எரியாது, சுற்றவும் சுற்றாது, அல்லது சோம்பிச் சுற்றும். கேமிங் ஃபேன்களில் வெளித்தோற்றம் ஒன்றுபோலவே இருந்து வோல்ட் மட்டும் மாறலாம் என்பதால் லேபிள் படம் இல்லாத விற்பனைப் பக்கத்தில் வாங்கவே வாங்காதீர்கள்.

ஆம்பியர் பழையதற்குச் சமமாகவோ சற்றுக் குறைவாகவோ இருக்கட்டும். பழையது 0.5 என்றால் 0.45 பரவாயில்லை. இரண்டு மடங்கு எடுக்கும் ஃபேனை 'அதிகக் காற்று வரும்' என்று நம்பிப் போட்டால் போர்டிலுள்ள ஃபேன் பகுதி தாங்காது.

அடுத்து ஒயர். மூன்று ஒயர் ஃபேனில் பிளஸ், மைனஸ், சுற்று எண்ணிக்கை. நான்காவது ஒயர் இருந்தால் அது வேகத்தைக் கட்டுப்படுத்தும் பிடபிள்யூஎம் சமிக்ஞைக்கு. மூன்று ஒயர் இருந்த இடத்தில் மூன்று, நான்கு இருந்த இடத்தில் நான்கு. கனெக்டரின் அகலமும் உள்ளிருக்கும் உலோகப் பின்களின் இடைவெளியும் சேர வேண்டும். இதைவிடச் சிக்கலானது பின்களின் வரிசை. கனெக்டர் அப்படியே உட்காரும், ஆனால் உள்ளே பிளஸ்ஸும் மைனஸும் இடம் மாறியிருக்கும். நிறத்தை நம்ப முடியாது, இப்போது பல ஃபேன்களில் எல்லா ஒயரும் கறுப்பு. பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்தப் பின்னிலிருந்து வரும் ஒயர் ஃபேனின் சின்னப் போர்டில் எந்த எழுத்துக்குப் பக்கத்தில் பற்றவைக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். மதர்போர்டில் மைனஸ் எது என்று மல்டிமீட்டரில் கண்டுபிடிக்கலாம்: பேட்டரியைக் கழற்றிய நிலையில், யுஎஸ்பி துளையின் உலோக உறைக்கும் கனெக்டரின் எந்தப் பின்னுக்கும் இடையில் மீட்டர் கத்துகிறதோ அதுவே மைனஸ். வரிசை வேறாக இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஊசியால் பின்னை நெம்பி எடுத்து வரிசை மாற்றுவது முடியாத காரியமில்லை, மல்டிமீட்டரோடு நல்ல பழக்கம் உள்ளவர்கள் செய்யலாம்.

ஃபேனின் உடம்பு அளவில் மக்கள் நீள அகலத்தைப் பார்த்துவிட்டு உயரத்தை விட்டுவிடுகிறார்கள். வெர்னியர் அளவுகோலில் அளந்து அரை மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தாலும் யோசியுங்கள். தடித்த ஃபேன் கீபோர்டையோ பாட்டம் கவரையோ தள்ளும். மெலிந்த ஃபேன் ஹீட்சிங்க் தகடுகளோடு நேர்கோட்டில் நிற்காமல் காற்றைச் சிதறவிடும். ஸ்க்ரூ காதுகள் எத்தனை, எந்தக் கோணத்தில், காற்று வாயின் அகலம் எவ்வளவு, ஒயர் எந்த மூலையிலிருந்து கிளம்புகிறது, எவ்வளவு நீளம் என்றும் படத்தோடு ஒப்பிடுங்கள்.

இரண்டு ஃபேன் உள்ள லேப்டாப்பில் இடது வேறு, வலது வேறு. இரண்டும் பெரும்பாலும் கண்ணாடியில் பார்த்ததுபோல எதிரெதிராக இருக்கும், சுழலும் திசையும் மாறலாம். ஒன்று போயிருந்தால் அதை மட்டும் மாற்றலாம். இரண்டும் ஒரே வயது என்பதால், இரண்டு மூன்று ஆண்டு ஓடிய கேமிங் லேப்டாப்பில் ஜோடியாக மாற்றுவதையே நான் விரும்புவேன்.

பழைய ஃபேனைத் துடைத்துப் புது ஸ்டிக்கர் ஒட்டி விற்பதும் நடக்கிறது. ஸ்க்ரூ காதுகளில் ஏற்கெனவே முடுக்கிய வட்டத் தடம், இறக்கை விளிம்பில் கறுத்த தூசிக் கோடு, வளைந்து நெளிந்த ஒயர் இவற்றில் ஒன்று இருந்தாலும் அது புதிதல்ல.

மாற்றியாயிற்று, இப்போது வேறு பிரச்சினை

புது ஃபேன் ஆன் செய்த நொடியிலிருந்து முழு வேகத்தில் ஓடுகிறது, குறையவே இல்லை: வேகக் கட்டளை ஃபேனுக்குப் போய்ச் சேரவில்லை. கனெக்டரை எடுத்துத் திரும்பச் செருகுங்கள். அப்படியும் மாறவில்லை என்றால் நான்காவது பின் தொடவில்லை, அல்லது பின் வரிசை வேறு.

நன்றாக ஓடுகிறது, ஆனால் 'ஃபேன் எரர்' போகவில்லை: சுற்று எண்ணிக்கை ஒயரில் கோளாறு. எச்டபிள்யூஇன்ஃபோவில் எண் பூஜ்யமாகவே நிற்கும். வேறொரு ஃபேன் போட்டும் பூஜ்யம்தான் என்றால் போர்டைக் காட்ட வேண்டும்.

அசையவே இல்லை: உடனே அணையுங்கள். லேபிளில் வோல்ட்டைத் திரும்பப் பாருங்கள். ஒயர் இறக்கைக்கு அடியில் மாட்டியிருக்கிறதா, கவரின் ஸ்க்ரூவை அதிகம் முடுக்கி ஃபேன் உடம்பே வளைந்துவிட்டதா என்றும் பாருங்கள். ஃபேனின் மேல்தகடு மெல்லியது, ஒரு நீளமான ஸ்க்ரூவைத் தவறான துளையில் போட்டாலே அமுங்கி இறக்கையைப் பிடித்துக்கொள்ளும். கழற்றும்போதே ஸ்க்ரூக்களை நீள வாரியாகப் பிரித்து வைத்தால் இந்தத் தொல்லை வராது.

ஓடுகிறது, பிழையும் இல்லை, ஆனால் வெப்பம் முன்பைவிட அதிகம்: பெரும்பாலும் டேப்தான் காரணம். ஃபேனின் வாய்க்கும் ஹீட்சிங்க் தகடுகளுக்கும் நடுவே உள்ள இடுக்கை ஒரு மெல்லிய டேப்போ ஸ்பாஞ்சோ மூடியிருக்கும். பழையதைக் கழற்றும்போது கிழித்து எறிந்துவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால் காற்றில் ஒரு பகுதி தகடுகளுக்குள் போகாமல் லேப்டாப்புக்குள்ளேயே சுற்றும், அந்தச் சூடான காற்றையே ஃபேன் திரும்ப இழுக்கும். வெப்பம் தாங்கும் காப்டான் டேப்பை வாங்கி மேலும் கீழும் இடைவெளியில்லாமல் ஒட்டுங்கள். சாதாரண செலோடேப் சில நாளில் உருகிப் பசை வழியும், அது வேண்டாம். பாட்டம் கவரின் உட்பக்கம் காற்றுத் துளைகளைச் சுற்றி ஸ்பாஞ்சு இருந்தால் அதையும் இருந்த இடத்திலேயே திரும்ப வையுங்கள்.

டேப் சரியாக இருந்தும் சூடு என்றால் ஃபேனை அகற்றும்போது ஹீட்சிங்க் அசைந்திருக்கிறது. இம்மி தூக்கியிருந்தாலும் பழைய பேஸ்ட் பிளவுபட்டுவிடும். ஹீட்சிங்கை முழுதாகக் கழற்றிப் புதுப் பேஸ்ட் போட்டே மூடுங்கள்.

மெல்லிய ரீங்காரம், குறிப்பிட்ட ஒரு வேகத்தில் மட்டும் கேட்கிறது: ஸ்க்ரூ காதுகளில் இருந்த ரப்பர் வளையங்களைப் பழைய ஃபேனிலேயே விட்டுவிட்டீர்களா என்று பாருங்கள். அவற்றைக் கழற்றிப் புதியதில் மாட்டுங்கள். ரப்பர் இல்லாத மாடலாக இருந்து, எல்லா ஸ்க்ரூவும் சரியாக முடுக்கியிருந்தும் ரீங்காரம் நிற்கவில்லை என்றால் அந்த ஃபேனின் இறக்கைச் சமநிலையே சரியில்லை. மாற்றித் தரும் நாள் முடிவதற்குள் கடையில் கொடுத்து வேறு வாங்கிக்கொள்ளுங்கள்.